ஃபுகுவோகாவில் குடியேறும் முன் ஒரு வாரம் இருக்கிறது: எந்த ஒன்சென் ஊருக்குப் போகலாம்?

வைகைக்கரை
மார்ச் 1, இரவு 9:40

வணக்கம் நண்பர்களே.

கவாசாகியிலிருந்து ஃபுகுவோகாவுக்கு மாறுகிறோம். புது வேலை ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. இங்கே வீட்டை மார்ச் 21 அன்று ஒப்படைக்க வேண்டும், அங்கே சாவி 29 அன்றுதான் கிடைக்கும். இடைப்பட்ட நாட்களை வெந்நீர் ஊற்று (ஒன்சென்) ஊர்களில் கழிக்கலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். ஜப்பானில் இத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தெரிந்த ஒன்சென், அலுவலகத்தோடு போய்வந்த ஹகோனே மட்டும்தான். மனைவி போன வருடம் வந்தவர். பொதுக் குளியலுக்கு இதுவரை போனதே இல்லை.

இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்: ஹகோனே, கினோசாகி, தோகோ, பெப்பு, கடைசியில் குரோகவா. கிழக்கிலிருந்து மேற்காக நகர்ந்து, அப்படியே ஃபுகுவோகா போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு. குரோகவா தவிர மற்ற எல்லா ஊரிலும் ஒரே ஒரு இரவு.

இந்த வரிசை சரியா? மனைவி சைவம் (முட்டை சாப்பிடுவார்), ரியோக்கான் (ஜப்பானியப் பாரம்பரிய விடுதி) சாப்பாட்டை எப்படிச் சமாளிப்பது? அப்புறம், அவருக்குக் கூச்சம் அதிகம். அனுபவம் உள்ளவர்கள் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

பெப்புக்காரி
மார்ச் 1, இரவு 11:05

புது வேலைக்கு வாழ்த்துகள் அண்ணா.

நான் பெப்புவில் படித்தவள். மலைமேல் இருக்கும் ரிட்சுமெய்கான் ஆசியா பசிஃபிக் பல்கலைக்கழகம்தான். இப்போது ஒசாகாவில் இருக்கிறேன், ஆனாலும் என் ஊர் எது என்று ஜப்பானியர் கேட்டால் வாயில் பெப்பு என்றுதான் வரும். அந்த உரிமையில் சொல்கிறேன், இந்தத் திட்டத்தைக் கைவிடுங்கள்.

ஒரு ரியோக்கானில் ஒரு இரவு என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். மதியம் 3 மணிக்கு மேல்தான் அறைக்குள் விடுவார்கள். 6 மணிக்குச் சாப்பாடு. மறுநாள் காலை 10 மணிக்குள் வெளியேற வேண்டும். உடனே ரயில். அடுத்த ஊரில் மறுபடி இதே வரிசை. ஒரு வாரம் முடிந்தபின் வெந்நீரைவிடப் பெட்டி இழுத்ததுதான் நினைவில் நிற்கும். நீங்கள் ஏற்கெனவே வீடு காலி செய்த களைப்பில் வருவீர்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டுக்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள ஒன்சென் போன பழைய முறைக்கு தோஜி என்று பெயர். அறுவடை முடிந்த விவசாயிகள், மீன்பிடிப் பருவம் முடிந்தவர்கள் எல்லாம் அரிசியும் காய்கறியும் மூட்டை கட்டிக்கொண்டு ஒரே ஊரில் போய்த் தங்கிவிடுவார்கள். ஏழு நாள் ஒரு சுற்று, முடிந்தவர்கள் மூன்று சுற்று. தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, நாளுக்கு இரண்டு மூன்று முறை குளித்து, மற்ற நேரம் தூங்குவார்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது சரியாக ஒரு வாரம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இப்படி ஒரு வாரம் எளிதில் அமையாது.

பெப்பு என்பது ஒரே ஒன்சென் இல்லை. ஹமவாகி, கன்னாவா, மியோபன், கமெகவா என்று எட்டுப் பகுதிகள், நகரம் முழுவதும் 2,000-க்கு மேற்பட்ட ஊற்றுகள். நான் சொல்வது கன்னாவா. அங்கே சாக்கடை மூடி இடுக்கிலிருந்துகூட ஆவி எழும்பும். தோஜிக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விட்ட எளிய விடுதிகளில் சில இன்னும் நடக்கின்றன. சாப்பாடு தரமாட்டார்கள். பதிலாக முற்றத்தில் ஆவி அடுப்பு இருக்கும்.

உங்கள் மனைவியின் சாப்பாட்டுப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். அந்த அடுப்புக்கு ஜிகோகுகமா என்று பெயர். கல்லும் சிமெண்டும் வைத்துக் கட்டிய தொட்டி, மேலே கனமான மரமூடி. காய்கறியை மூங்கில் கூடையில் அடுக்கி உள்ளே இறக்கி, மூடி போட்டு, பக்கத்தில் இருக்கும் திருகைத் திறந்தால் பூமிக்கடியிலிருந்து வரும் ஆவி பாயும். கிட்டத்தட்ட 100 டிகிரி. பருத்திக் கையுறை போட்டு அதன்மேல் ரப்பர் கையுறை போடாமல் கூடையைத் தொடவே முடியாது. முட்டை பத்து நிமிடத்துக்குள் ஆகிவிடும், சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ஆவியிலேயே லேசாக உப்பு இருப்பதால் முட்டைக்கோசும் பூசணியும் எதுவும் சேர்க்காமலே ருசியாக இருக்கும். விடுதியில் அடுப்பு இல்லாவிட்டாலும் கவலை இல்லை, ஊர் நடுவில் ஜிகோகுமுஷி கோபோ என்று ஒரு பொது இடம் இருக்கிறது. அடுப்பை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

படிக்கும்போது நாங்கள் மாவு கரைத்துக் கொண்டுபோய் இட்லியே அவித்திருக்கிறோம். ஆவி வேகம் அதிகம், தட்டின்மேல் துணி போட்டு மூடாவிட்டால் மேற்புறம் நொசநொசவென்று ஆகிவிடும். துணி போட்டால் அருமையாக வரும். பக்கத்து அடுப்பில் நண்டு அவித்துக்கொண்டிருந்த பாட்டி இரண்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் காலை எங்கள் அறை வாசலில் ஒரு கட்டு கீரை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மலைப்பாதை
மார்ச் 2, காலை 7:20

பெப்புக்காரி சொல்வதில் ஒரு ஊரில் தங்கவேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஊர் பெப்புவாக இருக்கவேண்டும் என்பதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. பெப்பு ஒரு நகரம். நகரத்திலிருந்து நகரத்துக்குப் போகிறவர் நடுவிலும் ஒரு நகரத்திலா தங்குவார்?

குரோகவாவுக்குப் போங்கள். குமமோதோ மாநிலத்தில், அசோ மலைக்கு வடக்கே, ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கில் இருபது முப்பது விடுதிகள் மட்டுமே உள்ள ஊர். ஒரு காலத்தில் யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது. ஷின்மெய்கான் விடுதியின் கோதோ தெட்சுயா என்பவர் தன் விடுதிக்குப் பின்னால் இருந்த பாறையை உளியால் பல வருடம் குடைந்து குகைக் குளியல் ஒன்றை உண்டாக்கினார். சுற்றிலும் காட்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டார். மற்ற விடுதிக்காரர்களும் அவர் வழியில் போனார்கள். அவரவர் விளம்பரப் பலகையை எடுத்துவிட்டு, ஊர் முழுக்க ஒரே நிறத்தில் பலகை வைத்தார்கள். 1986 முதல் மரத்தாலான நுழைவு வில்லை ஒன்றை விற்கிறார்கள், அதை வாங்கினால் எந்த விடுதியில் தங்கினாலும் மூன்று இடங்களின் குளியலுக்குப் போகலாம். திறந்தவெளிக் குளம் கட்ட இடமில்லாத விடுதிகளும் பிழைக்கட்டும் என்பதற்காகத் தொடங்கியது. ஊரே ஒரு விடுதி, தெருக்கள் அதன் தாழ்வாரம் என்று அவர்களே சொல்வார்கள்.

மார்ச் கடைசியில் அங்கே இரவு நன்றாகக் குளிரும். கழுத்துவரை வெந்நீர், தலைக்கு மேலே குளிர் காற்று, பக்கத்தில் ஆற்றுச் சத்தம். இதற்கு ஈடு பெப்புவில் கிடையாது. கல்யாணமாகிச் சேர்ந்து போகும் முதல் நீண்ட பயணம் என்றால் காசு கொஞ்சம் கூடப் போனாலும் இதற்குச் செலவழிக்கலாம்.

தாதுநீர்
மார்ச் 2, பகல் 1:15

இடத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன், வேலையே அதைச் சுற்றித்தான்.

1948-ல் வந்த ஒன்சென் சட்டப்படி, வெளியே வரும் இடத்தில் 25 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் அது ஒன்சென். அல்லது குறிப்பிட்ட 19 பொருட்களில் ஒன்றாவது விதித்த அளவு இருந்தால், குளிர்ந்த நீராக இருந்தாலும் ஒன்சென்தான். ஆகவே பெயர்ப்பலகையில் ஒன்சென் என்று இருப்பது மட்டும் பெரிய விஷயம் இல்லை. உடை மாற்றும் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பகுப்பாய்வுத் தாளைப் பாருங்கள். வெப்பநிலை, அமிலத்தன்மை, கரைந்துள்ள உப்புகள் எல்லாம் அதில் இருக்கும். பத்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி சோதிக்கவேண்டும் என்பது விதி.

அதே சுவரில் இன்னொரு தாள் இருக்கும். தண்ணீர் சேர்க்கிறார்களா, சூடாக்குகிறார்களா, சுழற்சி செய்கிறார்களா, குளோரின் போடுகிறார்களா என்பது அதில் தெரியும். 2004-ல் நாகானோவில் பேர்பெற்ற ஓர் ஊரில் தண்ணீர் பால் நிறமாகத் தெரியவேண்டும் என்று குளியல் பொடி கலந்தது வெளியே வந்து நாடே கொந்தளித்தது. அதன்பின் 2005-லிருந்து இவற்றை எழுதி மாட்டுவது கட்டாயம். ஊற்று நீரைச் சுழற்றாமல் அப்படியே வழிந்தோட விடுவதற்கு கென்சென் ககெநகாஷி என்பார்கள். அந்த வார்த்தை தாளில் இருந்தால் தயங்காமல் இறங்குங்கள்.

கன்னாவாவின் சிக்கல் நேர் எதிரானது, நீர் மிக அதிகச் சூடு. பச்சைத் தண்ணீர் கலந்தால் தாது நீர்த்துப்போகும். அங்கே ஹ்யோதான் ஒன்செனில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். மூங்கில் விளார்களைக் கட்டித் தொங்கவிட்டு, கொதிநீரை மேலிருந்து அவற்றின் வழியே சொட்டவிடுகிறார்கள். கீழே வந்து சேருவதற்குள் ஏறக்குறைய 50 டிகிரி இறங்கிவிடுகிறது. ஒரு சொட்டுக் குளிர்நீர்கூடச் சேர்ப்பதில்லை. பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

உடம்புக்கு: கன்னாவா நீரில் உப்பு அதிகம். தோலின்மேல் மெல்லிய படலம்போல் நிற்பதால் வெளியே வந்தபிறகும் சூடு தணியாது, கடைசியில் கழுவாமல் துடைத்துக்கொள்ளுங்கள். மியோபன் நீர் வலுவான அமிலம், கந்தகமும் உண்டு. மென்மையான தோல் என்றால் சாதா நீரில் ஒருமுறை அலசிவிடுங்கள். முதல் நாள் இரண்டு முறைக்கு மேல் இறங்கவேண்டாம். ஆசைப்பட்டு ஐந்தாறு தடவை குளிப்பவர்களுக்கு மறுநாள் தலை கனத்து உடம்பெல்லாம் வலிக்கும், இதற்கு யு-அதாரி என்று இங்கே பெயரே இருக்கிறது. முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள், எழுந்திருக்கும்போது மெதுவாக எழுங்கள். மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் 42 டிகிரிக்கு மேற்பட்ட குளத்தைத் தவிர்க்கவேண்டும்.

வைகைக்கரை
மார்ச் 2, இரவு 8:50

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஆவி அடுப்பு என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் துணியில்லாமல் எல்லோர் நடுவிலும் போக வேண்டுமா என்று மறுபடி கேட்கிறார். நான் என்ன சொன்னாலும் அது ஆண் சொல்வதுதானே. இங்கே பெண்கள் யாராவது அவருக்கு நேராக எழுதினால் உதவியாக இருக்கும்.

நீலாம்பல்
மார்ச் 2, இரவு 10:30

உங்கள் மனைவிக்கே எழுதுகிறேன் அண்ணா, காட்டுங்கள்.

தங்கச்சி, நானும் முதலில் முடியவே முடியாது என்றுதான் இருந்தேன். மாமியார் ஊரிலிருந்து வந்தபோது, 60 வயதைத் தாண்டியவர், அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போனதும் தெரிந்துவிடும், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பாட்டிகள், பேத்திகள், குழந்தை பெற்ற வயிறு, அறுவைத் தழும்பு, எல்லாமே அங்கே சாதாரணம். நீங்கள்தான் அந்த அறையில் புதியவர் என்பதால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், பெரும்பாலும் எங்கிருந்து வந்தீர்கள், தண்ணீர் சுடுகிறதா என்பதோடு சரி. கையில் ஒரு சின்னத் துண்டு இருக்கும். நடக்கும்போது முன்னால் பிடித்துக்கொள்ளலாம். குளத்தில் இறங்கும்போது அதை நனைக்கக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பெண்களுக்கு மட்டும் உள்ள சில விஷயங்களை வேறு யாரும் சொல்லமாட்டார்கள். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் முந்தின நாளே தேய்த்துக் குளித்துவிடுங்கள், எண்ணெய் தண்ணீரில் மிதந்தால் அங்கே மிகவும் சங்கடமாகிவிடும். முடியை உச்சியில் கொண்டையாகக் கட்டவேண்டும், நுனிகூட நீரில் படக்கூடாது. மஞ்சள் கயிற்றில் தாலி என்றால் சாயம் இறங்கும், அந்த வாரத்துக்குச் சங்கிலியில் கோத்துக்கொள்ளுங்கள். கந்தக நீரில் வெள்ளி கறுத்துவிடும், மியோபன் போகிற அன்று கொலுசையும் மெட்டியையும் கழற்றிப் பையில் வையுங்கள். மாதவிலக்கு நாட்களில் பொதுக் குளத்தில் இறங்குவதில்லை, அன்றைக்கு ஆவி அடுப்பு, கால் குளியல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியும் மனம் ஒப்பவில்லையா, சரி. ஃபுகுவோகாவும் பெப்புவும் இருக்கும் கியூஷூ தீவில் குடும்பக் குளியல் அறைகள் நிறைய உண்டு. ஒரு மணி நேரத்துக்கு வாடகை, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம், நீங்கள் இருவர் மட்டும். முதல் நாள் அங்கே பழகிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் தானாகத் தைரியம் வரும், வராவிட்டாலும் ஒன்றும் குறையவில்லை. கட்டாயப்படுத்திக் குளிப்பதில் சுகம் இல்லை.

சிறுவாணி
மார்ச் 3, காலை 8:10

நடுவில் ஒரு கேள்வி. என் முன்கையில் அம்மா பெயரைப் பச்சை குத்தியிருக்கிறேன், சின்னதுதான். ஒன்சென்னில் அனுமதிப்பார்களா?

பெப்புக்காரி
மார்ச் 3, காலை 8:45

இடத்தைப் பொறுத்தது. 2015-ல் சுற்றுலா முகமை விடுதிகளிடம் கேட்டபோது பாதிக்கு மேல் அனுமதிப்பதில்லை என்றுதான் பதில் வந்தது. பெப்புவின் தெருக் குளியல்களில் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். கினோசாகியின் ஏழு பொதுக் குளியல்களிலும் தடை இல்லை. முன்கை என்றால் தோல் நிற ஒட்டுத்துணி போட்டு மறைத்தாலே பல இடங்களில் விட்டுவிடுவார்கள். வரவேற்பில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மலைப்பாதை அண்ணாவுக்கு: குரோகவா அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே நீங்கள் பார்க்கும் எல்லோரும் விருந்தாளிகள். எல்லோரும் யுகாதா என்ற பருத்தி அங்கி போட்டுக்கொண்டு, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு இருப்பார்கள். இவர் போவது சுற்றிப் பார்க்க மட்டும் இல்லையே, கியூஷூவில் வாழப் போகிறார். அந்த மண்ணின் மனிதர்களோடு முதல் வாரத்திலேயே பக்கத்தில் உட்கார ஒரு வாய்ப்பு இருக்கும்போது அதை விடவேண்டாம் என்பதுதான் என் ஆசை.

பெப்பு நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் தகெகவாரா இருக்கிறது. 1879-ல் தொடங்கியது, இப்போது இருக்கும் கட்டடம் 1938-ல் எழுந்தது. உள்ளே உடை மாற்றும் இடத்துக்கும் குளத்துக்கும் நடுவில் சுவரே கிடையாது. மேலே மர அலமாரியில் துணியை வைத்துவிட்டு, சில படி கீழே இறங்கினால் குளம். ஷவர், சோப்பு, ஷாம்பூ எதுவும் இல்லை. குளத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, வாளியால் மொண்டு ஊற்றிக் கழுவிக்கொண்டு இறங்கவேண்டும். நான் முதல் தடவை காலை வைத்ததும் சுரீரென்று இழுத்துக்கொண்டேன். எதிரில் இருந்த பாட்டி ஒன்றும் சொல்லாமல் தன் வாளியால் என் பக்கம் நான்கு முறை குளிர்நீர் ஊற்றிவிட்டு, கையைக் காட்டி இங்கே உட்கார் என்றார். குழாயைத் திறந்து குளம் முழுவதையும் ஆறவைக்கக் கூடாது, உட்காரும் இடத்தை மட்டும் ஆற்றிக்கொள்ளவேண்டும் என்பதை அப்படித்தான் கற்றுக்கொண்டேன். உள்ளே வரும்போதும் போகும்போதும் எல்லோருக்கும் ஒரு வணக்கம் சொல்வது அங்கே வழக்கம். உங்கள் மனைவியின் ஜப்பானிய மொழிக்கு அதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

தெருவுக்குத் தெரு குட்டிக் குளியல்கள் இருக்கும், அக்கம்பக்கத்தார் மாதச் சந்தா கட்டி, முறை வைத்துச் சுத்தம் செய்து நடத்துபவை. வெளியார் 100, 200 யென்னைப் பெட்டியில் போட்டுவிட்டு நுழையலாம், சில இடங்கள் உறுப்பினருக்கு மட்டும். குளத்தைச் சுற்றி நீர் சிந்தாமல் இருங்கள், வெளியேறும் முன் உடம்பைத் துடைத்துக்கொள்ளுங்கள், வாளியைக் கவிழ்த்து வையுங்கள். இவ்வளவு போதும், மறுநாள் உங்களை ஊர்க்காரர்போல் நடத்துவார்கள்.

நிலைய வாசலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு சிலையைப் பார்ப்பீர்கள். அபுராயா குமஹாச்சி, உவஜிமாவிலிருந்து வந்தவர். அரிசிச் சூதில் சொத்தெல்லாம் இழந்து, அமெரிக்கா போய்த் திரும்பி, நடுவயது கடந்தபின் 1911-ல் பெப்புவில் ஒரு விடுதி திறந்தார். பெண் வழிகாட்டி வைத்த சுற்றுலாப் பேருந்தை இந்த நாட்டில் முதலில் ஓட்டியவர் அவர்தான், 1928-ல். பிறந்த ஊர்க்காரனைவிட அதிகமாக அந்த ஊரை நேசித்தார். வந்தவனை ஏற்றுக்கொள்ளும் ஊர் அது, எங்களைப்போன்ற மாணவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

மலைப்பாதை
மார்ச் 3, பகல் 12:30

இதற்கு என்னிடம் பதில் இல்லை தோழி, நன்றாகச் சொன்னீர்கள். ஆனாலும் கடைசி இரவை மலையில் வைத்துக்கொள்ளலாம். பெப்புவிலிருந்து யுஃபுயின், குரோகவா, அசோ வழியாக குமமோதோவரை பேருந்து உண்டு. நாளுக்குச் சில தடவைதான், முன்பதிவு அவசியம். குரோகவாவிலிருந்து ஃபுகுவோகாவுக்கு நேர்ப் பேருந்து, சுமார் மூன்று மணி நேரம். ஆக வழியிலேயே அமைந்துவிடுகிறது. சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், இறைச்சியும் மீனும் வேண்டாம் என்றால் மட்டும் போதாது. சூப்பிலும் சாறிலும் கட்சுவோ மீன் கலந்திருக்கும், அதையும் தனியாக எழுதவேண்டும். முடியாது என்றால் சாப்பாடு இல்லாத கட்டணம் கேளுங்கள், சுதொமாரி என்பார்கள்.

ஹகாதாவாசி
மார்ச் 3, இரவு 9:15

ஃபுகுவோகாவுக்கு வரவேற்கிறேன் தம்பி. நான் இங்கே வந்து குழந்தைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். அதனால் ஒன்று சொல்கிறேன், எல்லா ஊரையும் இந்த ஒரு வாரத்தில் பார்த்துவிடவேண்டும் என்ற தவிப்பு வேண்டாம். இனி நீங்கள் இருக்கப்போவது கியூஷூவில். பெப்பு இங்கிருந்து சோனிக் ரயிலில் இரண்டு மணி நேரம். தகேஓ ஒரு மணி நேரம்தான். டோக்கியோ நிலையத்தைக் கட்டிய தட்சுனோ கிங்கோ வடிவமைத்த சிவப்பு வாசல் அங்கே 1915 முதல் நிற்கிறது. அதற்கு அடுத்து உரெஷினோ, 2022-ல் ஷின்கான்சென் (அதிவேக ரயில்) நிலையமே வந்துவிட்டது. அந்த ஊர் ஊற்று நீரில் தோஃபுவைப் போட்டுக் கொதிக்கவிட்டால் ஓரமெல்லாம் கரைந்து நீர் பாலாகிவிடும். உங்கள் மனைவிக்கு அதை ஒருநாள் நாங்களே வாங்கித் தருகிறோம்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்றால் ஃபுட்சுகாய்ச்சி இருக்கிறது, ஃபுகுவோகாவின் ஹகாதா நிலையத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடத்துக்குள். ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்பு, தலைநகரை விட்டுத் தொலைவான தசைஃபுவுக்கு ஆளுநராக வந்த ஓதொமோ நோ தபிதோ, இங்கே வந்தபின் மனைவியைப் பறிகொடுத்தார். அந்த ஊற்றருகே நாரைகள் கத்துவதைக் கேட்டு அவர் பாடிய பாட்டு இன்றும் இருக்கிறது. இப்போது அங்கே ஊர்க்காரர்கள் மாலை நடைக்குப் பிறகு சில நூறு யென் கொடுத்துக் குளித்துவிட்டுப் போகிறார்கள். நான் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போவது வழக்கம்.

பெப்புவில் 88 குளியல் முடித்து முத்திரை வாங்கினால் பட்டம் தருவார்கள். அதை இந்த வாரமே தொடங்கவேண்டாம், பல வருடம் இருக்கிறது.

இனி காகித வேலை. முடிந்தால் மார்ச் 31 வரை பழைய நிறுவனத்தில் பெயர் இருக்கும்படி, மிச்சமுள்ள விடுப்பை எடுத்துக்கொண்டு பயணம் போங்கள். நடுவிலேயே விலகினால் அந்தச் சில நாளுக்காக நகராட்சி மருத்துவக் காப்பீட்டில் சேரவேண்டி வரும். கவாசாகி வார்டு அலுவலகத்தில் வெளியேறும் அறிவிப்பைக் கிளம்பும் முன்பே கொடுத்துவிடுங்கள், மை நம்பர் (அரசு அடையாள எண்) அட்டை இருந்தால் இணையத்திலும் முடியும். இங்கே வீடு புகுந்த 14 நாளுக்குள் புது முகவரியைப் பதிய வேண்டும், குடியிருப்பு அட்டையில் அங்கேயே எழுதிக் கொடுப்பார்கள். வேலை மாறியதைக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும் அதே 14 நாள்தான். பலர் இதை மறந்துவிட்டு விசா புதுப்பிக்கும்போது தவிக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளின் ரயில் பாஸ் நமக்குக் கிடையாது, அதை நம்பிக் கணக்குப் போடவேண்டாம்.

வைகைக்கரை
மார்ச் 4, இரவு 10:05

முடிவுக்கு வந்துவிட்டோம். ஹகோனே, கினோசாகி, தோகோ மூன்றையும் எடுத்துவிட்டேன். ஒசாகாவரை ஷின்கான்சென், அங்கிருந்து இரவுக் கப்பல். மாலையில் ஏறினால் காலையில் பெப்பு, கப்பலிலேயே பெரிய குளியலறையும் உண்டாம். 2023-ல் வந்த புதுக் கப்பல்கள், ஜப்பானில் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடும் முதல் ஃபெரி இவைதான் என்று படித்தேன். உள்நாட்டுக் கடல் வழியாகப் புது ஊருக்குப் போவது மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அதன்பின் பெரும்பாலான நாட்கள் கன்னாவாவில், சமையல் முற்றம் உள்ள விடுதியில் அறை கிடைத்துவிட்டது. கடைசி இரவு குரோகவா. முதல் நாள் குடும்பக் குளியல் என்று நீலாம்பல் அக்கா சொன்னபடியே வைத்திருக்கிறோம்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். வீட்டுச் சாமான் எல்லாம் மூவிங் கம்பெனியிடம் போய்விடும், 29 வரை அவர்களே வைத்திருப்பார்கள். ஆனால் வேலைக்கான உடைகள், கணினி உள்ள பெட்டி ஒன்று தனியாக இருக்கிறது. அதைப் பெப்புவுக்கும் குரோகவாவுக்கும் இழுத்துக்கொண்டு போகவேண்டுமா?

பெப்புக்காரி
மார்ச் 4, இரவு 10:20

வேண்டவே வேண்டாம். கன்னாவா முழுக்க ஏற்ற இறக்கம், இதெயுசாகா என்ற கல் பாவிய சரிவில் சக்கரப்பெட்டி இழுப்பது பெரும்பாடு. தோளில் ஒரு பை போதும். துண்டும் சோப்பும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூடையில் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே எல்லோர் கையிலும் அதுதான் இருக்கும். அப்புறம் ஒரு நாள் காலை கன்னாவா முஷியுவுக்கும் போய்விடுங்கள். 1276-ல் இப்பென் துறவி தொடங்கி வைத்ததாகச் சொல்லும் ஆவிக் குளியல். ஒரு மீட்டர் உயரக் கதவு வழியாகக் குனிந்து நுழைந்து, தரையில் பரப்பிய செகிஷோ என்ற மூலிகைமேல் படுக்கவேண்டும். எட்டு நிமிடத்தில் வெளியிலிருந்து குரல் கொடுப்பார்கள். அங்கே மெல்லிய ஆடை உண்டு, உங்கள் மனைவிக்குக் கூச்சமே இருக்காது.

ஹகாதாவாசி
மார்ச் 4, இரவு 11:00

பெட்டியைக் கூரியரில் போட்டுவிடுங்கள் தம்பி. கவாசாகியில் கிளம்பும் அன்று அருகில் உள்ள கொம்பினியில் (இரவும் பகலும் திறந்திருக்கும் சிறு கடை) கொடுத்தாலே போதும். ஆனால் 29 வரை அவர்கள் வைத்திருப்பார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், மார்ச் கடைசியில் கிடங்குகளில் இடமும் இருக்காது. அதற்குப் பதில் என் வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள், தனிச் செய்தியில் தருகிறேன். கணினியை மட்டும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். 29 அன்று குரோகவா பேருந்து வரும் நேரத்தைச் சொன்னால் பெட்டியை வண்டியில் போட்டுக்கொண்டு ஹகாதா பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுகிறேன், அங்கிருந்து சாவி வாங்கும் அலுவலகத்துக்குச் சேர்ந்தே போகலாம். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில், மனைவி சாம்பார் வைப்பதாகச் சொல்லிவிட்டாள்.